மூணு டெசிபல்: ரேஸ் ட்ராக்கும் பக்கத்து வீட்டுக்காரரும்

போன வருஷம் ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, விடிவதற்கு முன்பே என் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5-ஐ எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நான் இருப்பது தென்மேற்கு இங்கிலாந்தில். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு ரேஸ் ட்ராக். அன்றைக்கு அங்கே 'ட்ராக் டே'.

ட்ராக் டே என்றால் ரேஸ் இல்லை. பணம் கட்டினால் சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டலாம், அவ்வளவுதான். பரிசு கிடையாது. ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் எடுக்கக்கூடாது. முன்னால் போகிறவர் கை காட்டி வழிவிட்டால்தான் முந்தலாம். எதிரே வண்டி வராது, ஆட்டோ குறுக்கே வராது, ஸ்பீட் கேமரா கிடையாது. கார் பைத்தியம் பிடித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் உள்ளே விடுவதற்கு முன் சத்தம் பார்ப்பார்கள். புகைக்குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு, எஞ்சினை அதன் உச்ச சுழற்சியில் முக்கால் பங்குக்கு ஏற்றச் சொல்வார்கள். மீட்டர் பிடித்திருந்தவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். இரண்டு முறை பார்த்தார்.

"வண்டி அழகா இருக்கு. ஆனா 101 காட்டுது. இன்னைக்கு 98."

"மூணுதானே சார்?"

"மூணுதான்" என்று சிரித்துவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார்.

போன குளிர்காலத்தில்தான் ஆசை ஆசையாக ஒரு புது சைலன்சர் வாங்கிப் போட்டிருந்தேன். அந்த உறுமலுக்காகவே வாங்கியது. அதுதான் இப்போது என்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டது. கட்டின பணம் திரும்ப வராது. அன்றைக்கு முழுக்க வேலிக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டு மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்தேன். 98 என்ற எண்ணை யார் முடிவு செய்தது, ஏன் 100 இல்லை, ஏன் 105 இல்லை என்ற கோபத்தோடு வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்த கதைதான் இது.

1907: முதல் ராத்திரியே சண்டை

காருக்கென்றே கட்டப்பட்ட உலகின் முதல் ரேஸ் ட்ராக் என்று சொல்லப்படுவது ப்ரூக்லண்ட்ஸ். லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தில் வேய்பிரிட்ஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்தது. ஹியூ லாக் கிங் என்ற நிலக்கிழார் தன் சொந்த நிலத்தில், சொந்தப் பணத்தில் கட்டினார். 2.75 மைல் சுற்று, 100 அடி அகலம், முழுக்க கான்கிரீட். வளைவுகளில் கிட்டத்தட்ட 30 அடி உயரத்துக்குச் சாய்வாக ஏறும். 1907 ஜூன் மாதம் திறந்தார்கள்.

திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. செல்வின் எட்ஜ் என்பவர் நேப்பியர் காரில் 24 மணி நேரம் தனி ஆளாக ஓட்டிக்காட்டப் போவதாக அறிவித்தார். ஜூன் 28 மாலை ஆரம்பித்து 29 மாலை வரை ஓட்டினார். கூடவே இன்னும் இரண்டு நேப்பியர்கள். ராத்திரியில் தடம் தெரிவதற்காக வரிசையாகச் சிவப்பு விளக்குகள். 1,581 மைல் ஓட்டி முடித்தார். சராசரி மணிக்கு 65 மைலுக்கு மேல், அதாவது நூறு கிலோமீட்டரைத் தாண்டி.

எட்ஜுக்கு அது சாதனை. சுற்றியிருந்த வீடுகளில் அது ஒரு முழு ராத்திரித் தூக்கம். மூன்று கார்கள் விடிய விடியச் சுற்றினால் எப்படி இருக்கும்! புகார்கள் கிளம்பின. அதற்குப் பிறகு ப்ரூக்லண்ட்ஸில் ராத்திரி ஓட்டுவதே நின்றுபோனது.

இதன் விளைவு ரொம்ப வருஷம் கழித்தும் தெரிந்தது. பிரான்ஸில் லெமான் 24 மணி நேரப் பந்தயம் 1923-ல் ஆரம்பித்துப் பெயர் வாங்கிவிட்டது. இங்கிலாந்துக்காரர்களுக்கும் ஆசை. ஆனால் ராத்திரி ஓட்ட முடியாதே? 1929-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முதல் நாள் பகலில் 12 மணி நேரம் ஓட்டுவது, ராத்திரி கார்களைப் பூட்டி வைப்பது, மறுநாள் பகலில் மீதி 12 மணி நேரம். பெயரே 'டபுள் ட்வெல்வ்'. பக்கத்து வீட்டுக்காரனின் தூக்கத்தால் ஒரு பந்தயத்தின் வடிவமே மாறிய கதை இது.

எண் இல்லாத காலத்தின் விதி

பகல் சத்தமும் பிரச்சனையாகத்தான் இருந்தது. 1920களின் நடுவில் அக்கம்பக்கத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில் சமரசம். அதன் பிறகு ப்ரூக்லண்ட்ஸில் ஓடும் கார்களுக்கு சைலன்சர் கட்டாயமானது. நீளமான தகர உருளை, அதன் கடைசியில் மீன்வால் மாதிரி தட்டையாக விரியும் குழாய். 'ப்ரூக்லண்ட்ஸ் கேன்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அந்தக் காலத்து ரேஸ் கார் படங்களைப் பார்த்தால் காரின் பக்கவாட்டில் தண்ணீர் டிரம் மாதிரி ஒன்று தொங்கும். அதுதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்த விதியில் டெசிபல் இல்லை. இருந்திருக்கவும் முடியாது. டெசிபல் என்ற அலகே 1920களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், டெலிபோன் கம்பியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்று கணக்கிடப் பிறந்தது. ட்ராக் ஓரத்தில் மீட்டரைத் தூக்கிக்கொண்டு நிற்கும் காலம் இன்னும் வரவில்லை. எனவே 'இத்தனை சத்தத்துக்கு மேல் கூடாது' என்று சொல்ல வழியில்லை. 'இந்த மாதிரி சைலன்சர் மாட்டு' என்றுதான் சொல்ல முடிந்தது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், அவுட்புட்டை டெஸ்ட் செய்ய டூல் இல்லை, அதனால் டிசைனையே விதியாக்கிவிட்டார்கள்.

சைலன்சர் மாட்டினால் எஞ்சினின் சக்தி போய்விடும் என்று அப்போதும் புலம்பல் இருந்தது. ஆனால் 1935 அக்டோபரில் ஜான் காப் 24 லிட்டர் விமான எஞ்சின் வைத்த நேப்பியர்-ரெயில்ட்டன் காரில் மணிக்கு 143.44 மைல் வேகத்தில் ஒரு சுற்று முடித்தார். ட்ராக் 1939-ல் மூடும்வரை அதை யாரும் முறியடிக்கவில்லை. ப்ரூக்லண்ட்ஸின் அதிவேகச் சுற்று, சைலன்சர் விதி இல்லாத ஆரம்ப காலத்தில் வரவில்லை, விதி வந்த பிறகுதான் வந்தது. இதைப் படித்த அன்றைக்கு என் புது சைலன்சரைப் பற்றி எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

குண்டு வீசிய விமானத்தளங்கள்

இன்றைக்கு பிரிட்டனில் இருக்கும் ட்ராக்குகளின் பட்டியலைப் பார்த்தால் பாதிக்குப் பாதி ஒரே பூர்வீகம். சில்வர்ஸ்டோன், குட்வுட், த்ரக்ஸ்டன், காஸில் கூம், ஸ்னெட்டர்டன், குரோஃப்ட் எல்லாமே இரண்டாம் உலகப்போர் விமானத்தளங்கள். போர் முடிந்தது, விமானங்கள் போயின, தார் ரோடும் கான்கிரீட்டும் மிஞ்சின. 1948-ல் குட்வுட்டும் சில்வர்ஸ்டோனும் அடுத்தடுத்து ரேஸுக்குத் திறந்தன.

சென்னைக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. நம்ம சோழவரமும் அதே போர்க்காலத்து ஓடுதளம்தான். என் பெரியப்பா தலைமுறை பஸ் பிடித்துப் போய், வெயிலில் நின்று ரேஸ் பார்த்த இடம். இருங்காட்டுக்கோட்டை ட்ராக் எல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

விமானத்தளம் எங்கே கட்டுவார்கள்? ஊருக்கு வெளியே, தட்டையான நிலத்தில். சுற்றிலும் வயல், நாலைந்து பண்ணை வீடுகள். ஆரம்பத்தில் பிரச்சனை இல்லை. ரேஸ் என்பது வருஷத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள். ஊர்க்காரர்களுக்கு அது திருவிழா மாதிரி. நம்ம ஊரில் கோயில் கொடையன்று மைக் செட் சத்தத்தை யாரும் கேஸ் போட மாட்டார்கள் இல்லையா, அந்த மாதிரி.

கணக்கு மாறியது ட்ராக் டேக்களால். ட்ராக்கைப் பராமரிக்க வருஷம் முழுக்கச் செலவு. சில ரேஸ் நாட்களின் டிக்கெட் காசு அதற்குப் போதாது. ஆனால் என்னைப் போல சொந்தக் காரோடு வந்து பணம் கட்டும் ஆட்கள் செவ்வாய்க்கிழமையும் வருவார்கள், வியாழக்கிழமையும் வருவார்கள். திருவிழா தினசரியானால் என்ன ஆகும்? அதுதான் குரோஃப்ட்டில் ஆனது.

குரோஃப்ட்: நாற்பது நாள்

குரோஃப்ட் வடக்கு யார்க்ஷயரில், டார்லிங்டன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. போர்க்காலத்தில் கனடா விமானப்படையின் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிய தளம். 1963-ல் ரேஸ் நடத்த அனுமதி கிடைத்தது. இடையில் பல வருஷம் அடங்கிக் கிடந்து, 1990களில் மறுபடி உயிர் பெற்றது. 1998-ல் உள்ளாட்சி அமைப்போடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் நாட்களை என்1 முதல் என்5 வரை ஐந்து தரமாகப் பிரித்தார்கள். என்1 என்றால் அதிக சத்தம், என்5 என்றால் ஏறக்குறைய அமைதி.

ஆகவே ட்ராக் ஒன்றும் திருட்டுத்தனமாக நடக்கவில்லை. கையில் அனுமதி இருந்தது, ஒப்பந்தம் இருந்தது. ஆனாலும் சுமார் 300 மீட்டர் தள்ளியிருந்த வீடுகளில் ஒரு குடும்பம் வழக்குப் போட்டது. அவர்கள் வருஷத்தில் சில நாட்கள் நடக்கும் பெரிய ரேஸை எதிர்த்துப் பேசவில்லை. அவர்களைப் படுத்தியது கார் சோதனை நாட்களும் ட்ராக் டேக்களும்தான். அந்தப் பத்தியைப் படித்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிரதிவாதிக் கூண்டில் ட்ராக் நிற்கிறது, ஆனால் சத்தம் போட்டது நான்.

2008-ல் உயர்நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சுமார் ஒன்றரை லட்சம் பவுண்டு நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது, ஆனால் சத்தத்துக்குத் தடை போடவில்லை. அவர்கள் மேலே போனார்கள். 2009 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையும் கொடுத்தது. என்1 முதல் என்4 வரையிலான நாட்கள் வருஷத்துக்கு 40-க்கு மேல் கூடாது.

நாற்பது! நான் மீட்டரில் இருக்கும் எண்ணைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். கோர்ட் பங்கிட்டுக் கொடுத்தது டெசிபலை அல்ல, நாட்களை. பக்கத்து வீட்டில் இருப்பவருக்கு 'எவ்வளவு சத்தம்' என்பதைவிட 'எத்தனை நாள் சத்தம், அது எப்போது என்று எனக்கு முன்கூட்டியே தெரியுமா' என்பதுதான் முக்கியம். யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது.

எரிந்துபோன வீட்டுக்காக ஒரு வழக்கு

இன்னொரு வழக்கு இதைவிட விசித்திரம். சஃபோக் மாவட்டத்தில் மில்டன்ஹால் ஸ்டேடியம். 1970களின் நடுவிலிருந்து அங்கே ஸ்பீட்வே பைக் ரேஸ். 1992 முதல் பின்பக்கத்தில் மோட்டோகிராஸ். 2006-ல் ஒரு தம்பதி 560 மீட்டர் தள்ளி ஒரு வீடு வாங்கினார்கள். பிறகு சத்தம் தாங்கவில்லை என்று வழக்கு.

இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்குத் தோன்றியதுதான் தோன்றும்: "ஸ்டேடியம் முப்பது வருஷமா இருக்கு. தெரிஞ்சுதானே வாங்குனீங்க?"

ஆனால் ஆங்கிலேயச் சட்டத்தில் அந்த வாதம் பொதுவாகச் செல்லாது. 1879-லேயே முடிவான விஷயம். லண்டனில் ஒரு மிட்டாய்க்காரர் வருஷக்கணக்கில் உரலில் இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு டாக்டர் சுவரை ஒட்டி ஒரு அறை கட்டிவிட்டு சத்தம் தொந்தரவு என்று வழக்குப் போட்டு ஜெயித்தார். முதலில் வந்தவன் என்பதால் மட்டும் பக்கத்து நிலத்தின் அமைதிக்கு நீ சொந்தக்காரன் ஆகிவிட முடியாது என்பது அதன் சாரம்.

மில்டன்ஹால் தம்பதி முதலில் ஜெயித்தார்கள், 2012-ல் மேல்முறையீட்டில் தோற்றார்கள், 2014 பிப்ரவரியில் உச்சநீதிமன்றத்தில் மறுபடி ஜெயித்தார்கள். தீர்ப்பில் மூன்று விஷயங்கள் எனக்குப் புரிந்த அளவில்: தெரிந்தே வந்து குடியேறினாலும் வழக்குப் போடலாம். திட்ட அனுமதி கையில் இருப்பதே தற்காப்பு ஆகிவிடாது. மூன்றாவதுதான் வேடிக்கை. 20 வருஷம் தொடர்ந்து தொந்தரவு கொடுத்திருந்தால் அது உரிமையாக மாறலாம். அதாவது ட்ராக்காரர் கோர்ட்டில் நின்று, "ஐயா, நாங்கள் இருபது வருஷமாக இவர்களை விடாமல் தொந்தரவு செய்திருக்கிறோம்" என்று நிரூபிக்க வேண்டும்! அவர்களால் நிரூபிக்க முடியவில்லை.

ஆனால் சோகம் வேறு இடத்தில். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2010-ல் அந்த வீட்டில் தீப்பிடித்துக் குடியிருக்க முடியாத நிலை. உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்போது அதில் யாரும் இல்லை. சத்தத்தால் வீட்டின் மதிப்பு குறைந்தது அதிகபட்சம் 74,000 பவுண்டு என்று கணக்கு. வழக்குத் தொடுத்தவர்கள் பக்கச் செலவு மட்டும் பத்து லட்சம் பவுண்டைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு எதிர்த்தரப்பின் தலையில் விழுந்தது. காலி வீட்டின் அமைதிக்காக இவ்வளவு. பேசித் தீர்க்காத சண்டைக்கு விலை அப்படித்தான் ஏறும் போல.

வேலிக்கு அந்தப் பக்கம்

இவ்வளவும் படித்த பிறகு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். கச்சாக் கணக்குதான். காற்று, மரம், மேடு எதையும் சேர்க்கவில்லை.

தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். அரை மீட்டரில் 98 காட்டும் கார், 300 மீட்டரில் சுமார் 42. ஒரே காராக இருந்தால் பரவாயில்லை. ஆனால் ட்ராக்கில் ஒரே நேரத்தில் இருபது கார் ஓடினால் 13 டெசிபல் கூடும். 55. அமைதியான கிராமப்புறத்தின் பின்னணிச் சத்தம் 40-க்கும் கீழே. வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த 55 காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை.

இப்போது என் மூணு டெசிபலுக்கு வருவோம். டெசிபல் அளவுகோல் மடக்கைக் கணக்கு. 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. 98 காட்டும் இருபது கார்களும், 101 காட்டும் பத்து கார்களும் பக்கத்து வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பது ஒரே அளவு. அன்றைக்கு என்னை உள்ளே விட்டிருந்தால், என் ஒரு கார் இரண்டு காருக்கான பங்கைத் தின்றிருக்கும். ரேஷன் கடை வரிசையில் ஒரு கார்டுக்கு இரண்டு கார்டு அரிசி கேட்டுவிட்டு, "ஒரு கிலோதானே சார்" என்று நான் முறைத்திருக்கிறேன்.

ஜூனில் ஒரு நாள் மனைவியை அழைத்துக்கொண்டு அதே ட்ராக் பக்கம் போனேன், இந்தத் தடவை ஓட்ட அல்ல. இங்கிலாந்தில் வயல்களுக்கு நடுவே பொது நடைபாதைகள் உண்டு. அப்படி ஒன்று ட்ராக்கிலிருந்து அரை மைல் தள்ளிப் போகிறது. வேண்டுமென்றே ட்ராக் டே நடக்கும் நாளாகப் பார்த்துத்தான் போனேன். அவளிடம் சொல்லவில்லை.

முதல் பத்து நிமிஷம் எனக்கு சங்கீதம். இது போர்ஷ், இது பழைய ஃபோர்டு என்று காதாலேயே பிரித்துக்கொண்டு நடந்தேன். ஒரு வேலிப்படி ஓரம் உட்கார்ந்து ஃப்ளாஸ்க்கைத் திறந்தோம். காபியை ஊற்றும்போது கேட்டாள்.

"ஏங்க, இது நிக்கவே நிக்காதா?"

"அஞ்சு மணிக்கு நிக்கும்."

"இங்க வீடு வச்சிருக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?"

எதிரே ஒரு பண்ணை வீடு. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. நான் பதில் சொல்லவில்லை. அங்கே கேட்டது பெரிய சத்தம்கூட இல்லை, பேசிக்கொள்ள முடிந்தது. ஏறும், இறங்கும், கியர் மாறும், தேயும், மறுபடி ஏறும். அடுத்தது எப்போது என்று காது தானாகவே காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறது. எந்த மீட்டரும் இந்தக் காத்திருப்பை அளக்காது. அதனால்தான் நாட்களை எண்ணுகிறார்கள் போல.

வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைத்திருந்த பழைய சைலன்சரைத் தேடி எடுத்தேன். செப்டம்பரில் மறுபடி அதே ட்ராக். அதே பெரியவர், அதே மீட்டர். 94. "இப்ப பரவாயில்லை" என்று காரின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். அன்றைக்குச் சாயங்காலம் வரை ஓட்டினேன். நீண்ட நேர்பாதையின் நடுவில், அந்தப் பண்ணை வீட்டின் திசையில், இன்னொரு மைக் கம்பத்தில் இருக்கிறது. ஓடும்போதும் அளப்பார்கள். அந்த இடத்தில் சிலர் ஆக்சிலரேட்டரிலிருந்து லேசாகக் காலை எடுத்து, தாண்டியதும் மறுபடி மிதிப்பார்கள். மைக்கை ஏமாற்ற அது ஒரு பழைய தந்திரம்.

94 காட்டிய காருக்கு அந்தத் தந்திரம் தேவையில்லை. இருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் அங்கே நானும் காலை எடுத்தேன். அன்றும் அந்தக் கொடியில் துணி காய்ந்திருக்கும்.